முத்துப்பேச்சி துண்டு போட்ட கதை

எரியோட்டுப் பக்கம் செவ்வாய்க்கிழமை தோறும் கூடுகிற ஆட்டுச் சந்தை ஒன்று. ஊர்ப் பெயரைப் போடவில்லை. இன்றைக்கும் அங்கேதான் கயிற்றுக்கடை வைத்திருக்கிறேன், எனக்கு எதற்கு வம்பு. ஆட்டுக்குத் தும்புக் கயிறு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, கழுத்து மணி, இதுதான் என் வியாபாரம். தரகர்கள் நிற்கிற புளியமரத்துக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு டீக்கடை பெஞ்சு மட்டும்தான். ஆகையால் இதில் எழுதியிருப்பது எல்லாம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

முத்துப்பேச்சியைப் பற்றி இப்போது ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். பேப்பர்க்காரர் ஒருவர் வந்து போட்டோ பிடித்துக்கொண்டு போய், ஏதோ பயிற்சி வகுப்பில் படித்துத் தரகர் ஆனதாக எழுதினார். பயிற்சியாவது வகுப்பாவது. ஒரு துண்டு, கொஞ்சம் வீம்பு. அவ்வளவுதான் அவளிடம் இருந்தது.

சந்தைக்கு வராதவர்களுக்கு முதலில் துண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்தையில் யாரும் வாயால் விலை பேச மாட்டார்கள். தரகர் தன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து, வாங்க வந்தவர் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் இரண்டு கையும் பேசிக்கொள்ளும். ஒரு விரலைப் பிடித்தால் நூறு. இரண்டு விரலைப் பிடித்தால் இருநூறு. ஐந்தையும் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கினால் ஐந்நூறு, மறுபடி அமுக்கினால் அதோடு இன்னொரு ஐந்நூறு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு தரகர் அதே துண்டோடு விற்கிறவரிடம் போய் அவர் விரலைப் பிடிப்பார். அவரும் தலையாட்டிவிட்டால் ஆடு கைமாறும். துண்டுக்குள் கொடுத்த விலையை எவனும் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினவனுக்கு அப்புறம் அந்தச் சந்தையில் யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

புதிதாகத் தரகுக்கு வருகிறவனுக்கும் ஒரு வழக்கம் உண்டு. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் மூன்று சந்தை நிற்க வேண்டும். அதற்குள் வியாபாரி ஒருவராவது அவன் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசிவிட்டால் அவன் தரகன். ஒருத்தரும் கைவிடாவிட்டால் துண்டை உதறிக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். அப்புறம் மறுபடி நிற்க முடியாது.

முத்துப்பேச்சி எங்கள் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்து, அதே பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் உடையப்பன் வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். பெரிய சத்தத்தில் வேலை பார்க்கிறவர்கள் கத்திப் பேசுவார்கள் என்பார்கள். உடையப்பன் நேர்மாறு. தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பது போலத்தான் எப்போதும் பேசுவார். அப்படிப்பட்ட ஆள் சந்தைக்கு ஆடு கொண்டுவந்தால் என்ன விலைக்குப் போகும்? தரகர் சொன்னதுதான் விலை.

தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு வாக்கில் ஊருக்கு ஊர் மகளிர் குழு ஆரம்பித்தார்கள். முத்துப்பேச்சி ஊரிலும் குழு வந்தது. பெண்கள் கடன் வாங்கி வெள்ளாடு பிடித்தார்கள். தீவனத்துக்குக் கொழை, அதாவது இலை தழை, ஒடித்துப் போடுவது பெண்கள். மழைக்காலத்தில் குட்டியை அடுப்படியில் கட்டிக் காப்பாற்றுவது பெண்கள். ஆடு ஈனச் சிரமப்பட்டால் கையை உள்ளே விட்டு எடுப்பதும் பெண்கள். வளர்ந்த பிறகு சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவது மட்டும் ஆண்கள். ஏன் என்று கேட்டால் துண்டு. பொம்பளை கையை எவன் துண்டுக்குள் பிடிப்பான்?

அப்போது சந்தையில் பெரிய தரகர் இஞ்ஞாசி. ஆறடி ஆள். நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை. குழுப் பெண்களின் ஆடு எல்லாம் அவர் துண்டு வழியாகத்தான் போனது. தொண்ணூற்றேழில் ஒருநாள் முத்துப்பேச்சி திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் போகும்போது அக்பர் அலி எதிர் சீட்டில் இருந்திருக்கிறார். திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைகளுக்குக் கறி போடுகிறவர், எங்கள் சந்தைக்கு வாரம் தவறாமல் வருபவர். பேச்சோடு பேச்சாக, போன வாரம் ஒச்சம்மாள் வீட்டுக் கிடாய்க்குத் தான் கொடுத்த விலையைச் சொல்லிவிட்டார். ஒச்சம்மாள் குழுவிலேயே மூத்தவள். அவள் கைக்கு வந்து சேர்ந்த விலை முத்துப்பேச்சிக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டியே வாங்கிவிடலாம், அவ்வளவு வித்தியாசம்.

அடுத்த செவ்வாய் அவளே சந்தைக்கு வந்துவிட்டாள். நேராக இஞ்ஞாசி முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, ஒச்சம்மா கெடாய்க்கு அக்பர் பாய் ஒரு வெலை சொல்றாரு. நீங்க ஒரு வெலை குடுத்திருக்கீங்க. நடுவுல உள்ளது எங்க போச்சு?"

"ஏ ஆத்தா, துண்டுக்குள்ள நடந்தது துண்டோட போச்சு. அத வெளிய இழுத்துப் போட்டுப் பாக்கக் கூடாது."

"ஆடு எங்களுது அண்ணே. துண்டு மட்டுந்தான் ஒங்களுது."

"அப்ப நீயும் ஒரு துண்டப் போட்டுக்க. யாரு வேணாங்குறா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த மரியசெல்வமும் நாற்காலியில் உட்கார்ந்தபடி சிரித்தார். முத்துப்பேச்சி சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்தாள்.

"அண்ணே சொல்லிட்டாக, குத்தகைக்காரரும் கேட்டுட்டாக. அடுத்த வாரம் துண்டோட வாரேன்."

அதோடு சிரிப்பு நின்றது. இஞ்ஞாசிக்கு முகம் கருத்துவிட்டது. "வா. மூணு சந்தைக்கு ஒருத்தனும் கை குடுக்கலேன்னா, ஒங்க குழு ஆடு ஒண்ணையும் நான் தொட மாட்டேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஓட்டிக்கிட்டு நடங்க" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். பெரிய தரகர் தொடாத ஆட்டை மற்ற தரகர்களும் தொட மாட்டார்கள். ஆக, அவள் துண்டுக்குள் ஒரு கை வராவிட்டால் குழுவில் உள்ள அத்தனை வீட்டு ஆட்டுக்கும் எங்கள் சந்தை கிடையாது. வீராப்பு பேசியது அவள் ஒருத்தி. மாட்டிக்கொண்டது எல்லாரும்.

வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அடுக்களையில் உட்கார்ந்து பழகியிருக்கிறார்கள். உடையப்பனுக்கு விரல் கணக்கு தெரியும், பேரம்தான் வராது. அவளுக்குப் பேரம் வரும், விரல்தான் புதுசு. தலையணை உறையைக் கைமேல் போட்டுக்கொண்டு நடந்ததாம் பாடம். "நாலு நாள்ல என் விரலெல்லாம் கன்னிப்போச்சு பொம்மையண்ணே" என்று உடையப்பன் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

முதல் சந்தைக்குப் பச்சைத் துண்டு ஒன்றைச் சேலைக்கு மேல் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழுப் பெண்கள் ஆடுகளோடு பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேடிக்கை பார்க்க அவ்வளவு கூட்டம். கை கொடுக்க ஒருத்தர் இல்லை. அக்பர் அலி நல்ல மனுஷன்தான். ஆட்டைத் தடவிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், கடைசியில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆடு நல்ல ஆடுதான் தாயி. ஆனா ஊரான் வீட்டுப் பொம்பளை கையப் புடிச்சேன்னு சேதி போச்சுன்னா எங்க வீட்டுல எனக்குச் சோறு கெடைக்காது."

இஞ்ஞாசி பெரிய மனசு பண்ணுகிறவர் போலப் பக்கத்தில் வந்தார். "எதுக்கு ஆத்தா இந்தக் கஷ்டம்? ஒனக்குத் துண்டு வேணாம். வாயாலயே வெலையச் சொல்லி வித்துக்க. நான் குறுக்க வரல."

"நான் வாயத் தொறந்து ஒரு வெலை சொல்லுவேன். அதக் கேட்டுட்டு நீங்க துண்டுக்குள்ள நூறு கொறைச்சு அமுக்குவீக. வார யாவாரி எல்லாம் ஒங்க பக்கம் போயிருவான். அண்ணே, நான் ஆடு மேய்க்குறவதான், ஆடு இல்ல."

இரண்டாவது சந்தையில் அவளை விட்டுவிட்டு உடையப்பனைப் பிடித்துக்கொண்டார்கள். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் கடையில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தன் ஆரம்பித்தான்.

"என்ன மாப்ளே, ஒன் சம்சாரம் கைய எவனாச்சும் புடிக்க மாட்டானான்னு காத்துக்கிட்டு நிக்கிறா. நீ இங்க கயித்துக்கு வெலை கேட்டுக்கிட்டு இருக்க?"

உடையப்பன் நிமிரவில்லை. "ஆஸ்பத்திரியில நர்சம்மா ஒன் கையப் புடிச்சு ஊசி போட்டுச்சே, அன்னைக்கு அந்தம்மா வீட்டுக்காரர் வந்து ஒன்ன அடிச்சாரா?" என்று வழக்கமான மெல்லிய குரலில் கேட்டார். கேட்டவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். ஆனாலும் அன்றைக்கும் ஒரு கை வரவில்லை. பெண்கள் ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தி போகிற போக்கில், "ஒன் வீராப்புக்கு எங்க ஆட்டையுமா பணயம் வச்ச?" என்று முத்துப்பேச்சியைக் கேட்டது என் காதில் விழுந்தது. முத்துப்பேச்சி துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மூன்றாவது செவ்வாய். மத்தியானம் தாண்டிவிட்டது. வேன்களில் ஆடு ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். முத்துப்பேச்சி காலையில் நின்ற இடத்திலேயே நின்றாள். தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை. இன்னும் செத்த நேரம் போனால் சந்தை கலைந்துவிடும், கதை முடிந்துவிடும்.

அப்போதுதான் பிராங்க்ளின் வந்தான். இஞ்ஞாசியின் அக்காள் மகன். மாமனோடு சுற்றித் தொழில் பழகி, அந்த வருஷம்தான் தனியாக ஆடு வாங்க ஆரம்பித்திருந்தான். டீக்கடை பெஞ்சில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஏதோ குசுகுசு என்று பேசினான். ஒரு தட்டு பிரியாணி பந்தயம் என்று பிறகு தெரிந்தது. எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றான்.

"அத்தே, நான் கை குடுக்கட்டா?"

பெஞ்சில் இருந்தவர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

முத்துப்பேச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாவாரத்துக்குன்னா குடு."

"யாவாரத்துக்குத்தான் அத்தே!" என்று சத்தமாகச் சொன்னான். கூட்டாளிகளுக்குக் கேட்க வேண்டுமே.

"எந்த ஆடு?"

அவன் எந்த ஆட்டைக் கண்டான்? கைக்கு எட்டின பக்கம் காட்டினான். அங்கே நின்றது ஒச்சம்மாளின் கிழட்டு ஆடு. பல் போனது, மடி வற்றினது. முந்நூறு ரூபாய்க்குப் போனால் அதிகம்.

முத்துப்பேச்சி துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டாள். இவன் உள்ளே அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, பெஞ்சைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"ஐந்நூறு" என்றாள் முத்துப்பேச்சி. சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி.

அவனுக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு அமுக்கு.

"ஆயிரம்."

பெஞ்சில் சிரிப்பு நின்றது. அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. கையை உருவப் பார்த்தான். விறகு பிளந்து, கொழை ஒடித்து, முரட்டுக் கிடாயை ஒற்றைக் கையால் இழுத்து நிறுத்துகிற கை அது. விடுமா? அவன் உருவ உருவ, அவள் பிடியில் சிக்கிய அவன் விரல்கள் அவள் விரல்மேல் இன்னொரு தடவை இறுகின.

"ஆயிரத்தைந்நூறு. ஏலே மாப்ளே, இன்னும் ஏத்தப்போறியா, இம்புட்டோட நிறுத்திக்கிறியா?"

"எனக்குச் சம்மதம்!" என்று கத்தினாள் ஒச்சம்மாள், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலேயே.

அவள் கையை விட்டதும் பிராங்க்ளின் இரண்டு எட்டு பின்னால் போனான். "நான் வெலை சொல்லல! சும்மாதான் புடிச்சேன்!"

"சும்மாவா?" என்றாள் முத்துப்பேச்சி. "அடுத்தவன் பொண்டாட்டி கையச் சும்மா எதுக்குப் புடிச்ச?"

என் கடையிலிருந்து உடையப்பன் எழுந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக நடந்துபோய் அவன் முன்னால் நின்றார்.

"தம்பி, வெலைன்னா வெலைன்னு சொல்லு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. எனக்கு ரெண்டுல எதுன்னு தெரிஞ்சாப் போதும்."

அந்தக் குரல் அன்றைக்கும் உயரவில்லை. பிராங்க்ளின் திரும்பி மாமனைப் பார்த்தான். நாங்கள் எல்லாருமே இஞ்ஞாசியைப் பார்த்தோம். விலை இல்லை என்றால் அவர் அக்காள் மகன் நடுச்சந்தையில் ஒருத்தன் பெண்டாட்டி கையைப் பிடித்து இழுத்தவன். அவனுக்கு எந்த ஊரில் பெண் கொடுப்பார்கள்? விலைதான் என்றால் வியாபாரி ஒருத்தன் முத்துப்பேச்சி துண்டுக்குள் கைவிட்டு விலை பேசியாகிவிட்டது. அவள் தரகர்.

அக்பர் அலி வேனிலிருந்து இறங்கி வந்தார். "இஞ்ஞாசி, ஒன் மருமவன். நீயே சொல்லிரு."

இஞ்ஞாசி செருமினார். "வெலைதான்."

"செத்த சத்தமாச் சொல்லுங்கண்ணே" என்றாள் முத்துப்பேச்சி. "அங்க குத்தகைக்காரருக்குக் கேக்கல."

"வெலைதான்னு சொல்லிட்டேன்ல!"

மரியசெல்வம் தன் நாற்காலியிலிருந்து கையைத் தூக்கினார், கேட்டது என்று. குழுப் பெண்கள் போட்ட சத்தத்தில் நாலு ஆடு தும்பை அறுத்துக்கொண்டு ஓடியது. எனக்கு வியாபாரம்.

இதோடு முடிந்திருந்தால் அவள் பேருக்குத் தரகராகி இருப்பாள், அவ்வளவுதான். பொடியன் ஒருத்தன் தெரியாமல் மாட்டிக்கொண்டான் என்று பேசிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கியே நின்றிருப்பார்கள். ஆனால் இஞ்ஞாசிக்கு மருமகன் பணம் போகிறதே என்று வயிற்றெரிச்சல்.

"ஏ தாயி, சின்னப் பய. அந்தக் கெழட்டு ஆட்டுக்கு ஆயிரத்தைந்நூறு ஞாயமா? ஒரு வெலையாப் பாத்துக் கொறைச்சு..."

"கொறைக்கலாம்ணே. ஆனா இங்க யாரு வாயால வெலை பேசுறா?" என்று சொல்லி, துண்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "கொறைக்கணும்னா உள்ள வாங்க."

இஞ்ஞாசி துண்டைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். வானத்தைக்கூட ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கையை உள்ளே விட்டார்.

எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முதலில் இருவர் முகமும் கல் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் இஞ்ஞாசிக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. எதிரில் நிற்பது பொம்பளை என்பதை மறந்து தலையை ஆட்டினார், உதட்டைப் பிதுக்கினார், "ம்ஹூம்" என்றார். அவளும் "ம்ஹூம்" என்றாள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். முத்துப்பேச்சி போய் ஒச்சம்மாள் விரலைத் துண்டுக்குள் பிடித்தாள். ஒச்சம்மாள் தலையாட்டினாள். என்ன விலைக்கு முடிந்தது என்று அந்த மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பணம் கட்டின பிராங்க்ளினுக்குத் தெரியும், அவன் சொல்ல மாட்டேன் என்கிறான். அவன் கிழட்டு ஆட்டை இழுத்துக்கொண்டு போகும்போது பெஞ்சில் இருந்த ஒருத்தன், "பிரியாணிக்கு ஆட்டையும் இவனே வாங்கிட்டான்டா" என்றான்.

மறுவாரம் முதல் கை அக்பர் அலியுடையது. "இஞ்ஞாசியே குடுத்துட்டான். இனி எங்க வீட்டுல யாரும் என்னக் கேக்க முடியாது" என்றார்.

அவளைத் தெய்வம் மாதிரி எழுதினால் அவளே வந்து என் கடையைப் பிரித்துப் போடுவாள். வாய் ரொம்ப ஜாஸ்தி. சண்டை என்று வந்தால் சாயங்காலம் வரைக்கும் விட மாட்டாள். தரகுக் கூலியில் சொந்தக் குழுப் பெண்களுக்குக்கூட ஒரு பைசா தள்ளுபடி கிடையாது. "நம்ம ஆளுன்னு பேரு, அந்த இஞ்ஞாசியே தேவலை" என்று அவர்களே திட்டுவார்கள். திட்டிவிட்டு அவளிடமேதான் ஆட்டைக் கொண்டுவருவார்கள். காரணம் ஒன்றுதான். வாங்குகிறவர் கையில் பிடித்த விலையைத்தான் விற்கிறவர் கையிலும் பிடிப்பாள். கூலியைத் தனியாக வாயால் கேட்டு வாங்கிக்கொள்வாள். இந்த வழி பரவியதும் மற்ற தரகர்களுக்கும் வேறு வழியில்லாமல் போனது. இஞ்ஞாசியும் மாறினார். முணுமுணுத்துக்கொண்டேதான் மாறினார், ஆனால் மாறினார். ஆம்பளைகள் ஆட்டுக்கும் அதற்கப்புறம்தான் சரியான விலை கிடைத்தது. அதை எவனும் வெளியே சொல்வதில்லை.

உடையப்பன் மில் வேலையை விட்டபிறகு ஆடு மேய்க்க ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டில் சோறும் வெஞ்சனமும் அவர் கைதான். நான் ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறேன். உப்பு கொஞ்சம் தூக்கல், மற்றபடி குறை சொல்ல முடியாது.

இரண்டாயிரத்து நாலில் ஒரு செவ்வாய்க்கிழமை. சேவுகம்பட்டியிலிருந்து எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த புவனேஸ்வரி என்ற பெண், புதுத் துண்டைக் கடை மடிப்புகூடக் கலையாமல் தோளில் போட்டுக்கொண்டு புளியமரத்தடிக்கு வந்தாள். கூடவே நாலைந்து ஆடுகளோடு அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. பிராங்க்ளினுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், அவனும் தரகன். அவன்தான் எழுந்துபோய் மரியாதையாகச் சொன்னான்.

"மூணு சந்தை நிக்கணும்மா. யாராச்சும் கை குடுத்தாத்தான். அதுதான் வழக்கம்."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். முத்துப்பேச்சி என் கடை முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தாள். தரகோடு சொந்தமாகவும் ஆடு வாங்கி விற்க ஆரம்பித்திருந்த சமயம் அது.

"என்ன சொல்றான் அவன்?"

"மூணு சந்தை நிக்கணுமாம்" என்றேன். "நீயும் நின்னவதானே?"

"நான் நின்னேன்னா அன்னைக்கு எனக்குக் கை குடுக்க ஆளில்ல. இன்னைக்குத்தான் ஆள் இருக்கே. அவ எதுக்கு நிக்கணும், கால் வலிக்கவா?"

டீ கிளாஸை என் கயிற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டுப் போனாள். ஆடுகளைத் தடவிப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், கையை நீட்டினாள். "துண்டப் போடு."

புவனேஸ்வரி துண்டை விரித்துப் போட்டாள். துண்டு இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. மூன்றாவது தடவைதான் கைமேல் நின்றது. மரத்தடியில் இருந்த தரகர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே விரல்கள் என்ன பேசின என்று தெரியவில்லை. முத்துப்பேச்சி புருவத்தை நெறித்தது மட்டும் தெரிந்தது.

"அடியே, இம்புட்டுக் கம்மியாவா சொல்லுவ?" என்றாள். "நான் வாங்க வந்தவ. நீ விக்கிறவளுக்கும் சேத்துப் பேசணும். ஏத்து."

புவனேஸ்வரி ஏற்றினாள்.